இருபது நிமிஷ வேலைக்கு எழுநூறு ரூபாயா?

கேள்வி: பெங்களூரில் பல வருஷம் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு மதுரை திருப்பாலையில் உள்ள என் கணவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீடு பழசு. வாரம் ஒரு ரிப்பேர். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதே தலைவலியாக இருக்கிறது. வாஷ்பேசினுக்குக் கீழே தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக் மாற்ற வந்த பிளம்பர் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு 700 ரூபாய் வாங்கினார். கடையில் விசாரித்தால் அந்தக் காக் 280 ரூபாய்தான். ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றிய எலக்ட்ரீசியனோ, எவ்வளவு என்று கேட்டதற்கு "பாத்துக் குடுங்கக்கா" என்றார். 150 கொடுத்தேன். முகம் வாடிவிட்டது. அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் போனே எடுப்பதில்லை. அந்தப் பயத்தில் இப்போது வருகிறவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்து, மேலே ஐம்பது, நூறு டிப்ஸும் தருகிறேன். "நீ குடுத்துக் குடுத்தே தெருவுக்கெல்லாம் ரேட்டை ஏத்தி விட்டுட்ட" என்கிறார் மாமியார். செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது. லாரிக்காரர் கேட்பதில் பாதிக்கு ஆள் வைத்து அள்ளித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அடுத்த மாதம் பாத்ரூமை இடித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். மேஸ்திரி "மொத்தமா 85,000" என்கிறார். சிலிண்டர் போடும் தம்பிக்கும் தீபாவளி இனாம் கேட்டு வருபவர்களுக்கும் எவ்வளவு தருவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் தருபவர் மதுரையில் வீடு கட்டுமானம், பழுது பார்க்கும் வேலைகளை எடுத்துச் செய்யும் சிவில் இன்ஜினீயர்.

முதலில் அந்த 700 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். காக் 280 போக மீதி 420 கூலி. நியாயமான கூலிதான். இருபது நிமிஷத்துக்கு 420 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1,260 ஆகிறதே, எனக்கே அவ்வளவு சம்பளம் இல்லையே என்று உங்கள் வீட்டில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த மனுஷன் உங்கள் வேலைக்காகச் செலவழித்த நேரம் இருபது நிமிஷம் என்று எடுத்துக்கொண்டதில்தான் அந்தக் கணக்கு தப்பாகிறது. வில்லாபுரத்திலோ அனுப்பானடியிலோ இருந்து வண்டியை எடுத்து, ஆற்றைத் தாண்டி, கோரிப்பாளையம் நெரிசலில் நின்று திருப்பாலை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். வந்து திறந்து பார்த்தால்தான் என்ன சாமான் வேண்டும் என்பது தெரியும். அதை வாங்கக் கடைக்குப் போய் வர வேண்டும். அப்புறம் திரும்பிப் போகிற நேரம். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளில் மூன்று வீடு பார்ப்பதே பெரிய பாடு.

வீட்டுக்கு 400 என்று மூன்று வீட்டுக்கு 1,200. மாதத்தில் 22 நாள் இப்படி ஓடினால் 26,400. நாளைக்கு 150 ரூபாய் பெட்ரோல் என்று 3,300 கழித்தால் 23,100. டிரில்லிங் மெஷின் பழுதானால் அதுவும் இதிலிருந்துதான், கையாள் பையனுக்குக் கொடுப்பதும் இதிலிருந்துதான். ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை தொடங்குவோர் குறைவு. உடம்புக்கு முடியாமல் படுத்தால் அன்றைக்குக் காசு இல்லை. பிஎஃப் கிடையாது, லீவுச் சம்பளம் கிடையாது. இருபது நிமிஷத்தில் முடிந்ததே அவருடைய அனுபவத்தால்தான். போர் தண்ணீரின் உப்பு பிடித்து இறுகிப்போன ஆங்கிள் காக் ஒன்றை, கை பழகாத ஆள் முரட்டுத்தனமாகத் திருகினால், சுவருக்குள் இருக்கிற பைப்பின் மரை உடையும். அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். அந்தச் செலவை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த பிளம்பரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. 700 என்று ஒரே தொகையாகச் சொல்லியிருக்கக் கூடாது. "சாமான் 280, கூலி 420" என்று சொல்லியிருந்தால் நீங்கள் கடைக்குப் போய் விசாரித்திருக்கவே மாட்டீர்கள். அடுத்த தடவை நீங்களே கேட்டுவிடுங்கள்: "கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு? கடை பில்லைக் கொடுத்துருங்க." சங்கடப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

எலக்ட்ரீசியன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் தவறு. 150 குறைவு. போகவர ஆகும் நேரத்தை வைத்துப் பார்த்தால் கண்டென்சரின் விலை போக 250, 300 ரூபாயாவது அவர் கையில் நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கியது வேலை முடிந்தபின் விலை பேசும் வழக்கம். "பாத்துக் குடுங்கக்கா" என்று அவர் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. தொகையைச் சொன்னால் அதிகம் என்று நினைத்து அடுத்த முறை கூப்பிடாமல் விட்டுவிடுவீர்களோ என்ற பயம் ஒன்று. பெரிய வீட்டில் வாய் திறந்து காசு கேட்பது மரியாதை இல்லை என்று பழகிய பழக்கம் இன்னொன்று. தான் கேட்பதைவிட நீங்கள் கூடுதலாகவே தருவீர்கள் என்ற நப்பாசையும் கொஞ்சம் இருக்கும். மூன்றும் சேர்ந்து, உழைத்தவரின் கூலி கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. இது எனக்குப் பிடிக்காது. தாராளமாகக் கொடுக்கிற வீட்டிலும் பிடிக்காது.

பிட்டுக்கு மண் சுமந்த கதை நடந்த ஊர் இது. ஒவ்வொரு ஆவணியிலும் அதற்குத் திருவிழா எடுக்கிறோம். அந்தக் கதையில் கூலியாளாக வந்த சொக்கநாதர்கூட மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் வந்தியம்மையிடம் பேசி முடித்துவிட்டார்: உதிர்ந்த பிட்டெல்லாம் எனக்கு. அவர் வேலை பார்த்த லட்சணம் வேறு விஷயம், அதற்குப் பிரம்படியும் வாங்கினார். கூலியில் மட்டும் தகராறே வரவில்லை.

ஆகவே போனில் கூப்பிடும்போதே கேளுங்கள்: "வந்து பார்க்க எவ்வளவு? இந்த வேலைன்னா கூலி எவ்வளவு ஆகும்?" பிரச்சினை என்னவென்று தெரியாதபோது முழுத்தொகையைச் சொல்ல முடியாதுதான். வந்து பார்க்கிற காசையாவது சொல்லிவிடலாம். வேலை ஆனாலும் ஆகாவிட்டாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். "ஒண்ணும் செய்யலையே, சும்மா பாத்துட்டுத்தான போறீங்க" என்று வெறும் கையோடு அனுப்புகிற வீடுகள் மதுரையில் ஏராளம். அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த வீட்டில் நல்ல மோட்டாரையும் பழுது என்று சொல்லிக் கழற்றினால் ஆச்சரியப்படாதீர்கள். கேட்ட பிறகும் அவர் "பாத்துக் குடுங்க" என்றால், தொகையை நீங்கள் சொல்லுங்கள்: "போன தடவை வந்தவருக்கு முந்நூறு கொடுத்தேன், சரியா இருக்குமா தம்பி?" வேலையைத் தொடுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பழைய எலக்ட்ரீசியன் மறுபடி வேண்டுமென்றால், வேலை எதுவும் இல்லாத நாளில் விட்டுப்போன தொகையை ஜிபே பண்ணிவிட்டு, அன்றைக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்புங்கள்.

சாமான் கமிஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடை, எலக்ட்ரிகல் கடை, டைல்ஸ் கடை எதுவானாலும், ஆளைக் கூட்டிவரும் மேஸ்திரிக்கோ பிளம்பருக்கோ ஒரு பங்கு தருவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெயிண்ட் கம்பெனிகள் வாளிக்குள்ளேயே பெயிண்டருக்கான டோக்கனை வைத்துத் தருகின்றன. இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். கூலியில் நூறு ரூபாய் அடித்துப் பேசி ஜெயித்துவிட்டோம் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த நூறு சாமான் பில்லில் நூற்றைம்பதாகத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். நஷ்டம் நமக்கு. கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு, "சாமானை நானே வாங்கித் தர்றேன், பிராண்டும் அளவும் எழுதிக் கொடுங்க" என்று கேட்பதே என் பழக்கம். பெரிய வேலைக்கு இது நல்லது. ஒரு காக்குக்காக நீங்கள் கடைக்கு அலைய வேண்டாம். அவர் வாங்கி வரட்டும், அலைச்சலுக்கு ஐம்பது சேர்த்துக் கொடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. தெருவின் ரேட்டை நீங்கள் ஒருத்தர் ஏற்றிவிட முடியாது. கொத்தனார் நாள் கூலி இங்கே இப்போது ஆயிரத்தை ஒட்டிப் பேசப்படுகிறது என்றால், அரிசி, வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் ஏறியதுதான் காரணம். இந்தத் தொழிலைப் பழக வரும் பையன்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் கேட்டதையும் கொடுத்து மேலே டிப்ஸும் கொடுத்தால் உங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு ரேட் உருவாகும். அது உண்மை. வாசலில் நிற்கும் காரையும், பேச்சில் தட்டுகிற பெங்களூரையும் பார்த்துத் தொகை சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு மருந்து, ஒரே வேலைக்கு இரண்டு பேரிடம் விலை கேட்பது. தெருவில் சமீபத்தில் அதே வேலையைச் செய்த வீட்டிலும் விசாரிக்கலாம். இரண்டு பேரும் சொன்ன தொகை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதற்குமேல் அடித்துப் பேசாதீர்கள்.

டிப்ஸ் என்பது கூலி ஒழுங்காகக் கொடுத்த பிறகு வருவது. குறைத்துக் கொடுத்துவிட்டு டிப்ஸால் சமாதானம் செய்வதும், குற்ற உணர்ச்சியில் எல்லோர் கையிலும் நூறு திணிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஃபியூஸ் போய் ஓடி வந்தவர், மழையில் மொட்டை மாடித் தொட்டியில் ஏறியவர், சொல்லாமலே இன்னொரு ஒழுகலையும் பார்த்து அடைத்துவிட்டுப் போனவர், இவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கூட வந்த கையாளுக்குத் தனியாக, அவன் கையிலேயே கொடுங்கள். பெரியவரிடம் சேர்த்துக் கொடுத்தால் அவனுக்குப் பெரும்பாலும் டீயோடு சரி. பழைய சட்டை, மிஞ்சிய சாம்பார் இதையெல்லாம் கூலிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாயங்காலம் "உடம்பு வலிக்குதுக்கா" என்று கட்டிங்குக்குக் காசு கேட்கிறவரைப் பற்றியும் சிலர் எழுதுகிறார்கள். வேலை முடிந்து வாங்குவது அவர் காசு, அதில் நமக்கு உபதேசம் செய்யும் வேலை இல்லை. மத்தியானம் வேலை நடுவில் மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், சாரத்தில் ஏறப்போகிறவர் அவர்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். அந்தப் பாதி விலை ஆளை வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு முகர்ந்த சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து சாவதுதான் வழக்கமாக நடப்பது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைத் தொட்டியில் இறங்கச் சொல்வது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் மாட்டுவார். "அவரே சம்மதிச்சுத்தான் இறங்கினார்" என்பதெல்லாம் எடுபடாது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டு, கேட்கிற காசைக் கொடுங்கள். அடியில் சேறு இறுகிக் கிடக்கிறது, ஒரு ஆள் இறங்கினால் சுத்தமாகும் என்று லாரிக்காரர் சொன்னாலும், தண்ணீர் விட்டுக் கலக்கி உறிஞ்சச் சொல்லுங்கள். எவ்வளவு டிப்ஸ் கொடுத்தாலும் ஈடாகாத வேலை இது.

சிலிண்டரை வீடுவரை கொண்டுவந்து தரும் கட்டணம் பில் தொகையிலேயே அடங்கியது, மேலே கேட்க அவருக்கு உரிமை கிடையாது. மிரட்டிக் கேட்டால் ஏஜென்சியில் புகார் செய்யலாம். இரண்டாவது மாடிக்குத் தோளில் தூக்கி வருகிறவருக்கு நீங்களாக இருபது, முப்பது கொடுப்பது வேறு, நான் கொடுக்கிறேன். டிப்ஸ் பேச்சு வந்ததால் ஹோட்டலையும் சொல்லிவிடுகிறேன்: அங்கே சர்வீஸ் சார்ஜை நம்மைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படிச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறியவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். தீபாவளி இனாமுக்கு ஒரு வரையறை வைத்துக்கொள்ளலாம். வருஷம் முழுக்க உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு ஒரு மாதச் சம்பளம், புடவை தனி. குப்பை எடுக்க வருகிறவர்களுக்கும் பேப்பர் போடும் பையனுக்கும் உங்கள் சக்திக்கு ஏற்ப. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். தீபாவளியன்று காலையில் கொடுத்தால் அவர்கள் பிள்ளைகளுக்குத் துணி எப்போது எடுப்பார்கள்? அறியாத முகம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

இனி பாத்ரூம். 85,000 அதிகமா, குறைவா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை, மேஸ்திரியும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பழைய டைல்ஸை உடைப்பது, சுவருக்குள் பைப் பதிப்பது, தண்ணீர் இறங்காமல் பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது, இடைவெளி அடைப்பது, குழாய், கழிப்பறைக் கோப்பை மாட்டுவது. ஒவ்வொன்றுக்கும் கூலி தனி, சாமான் தனி. டைல்ஸ் கூலி வழக்கமாகச் சதுர அடிக் கணக்கு. ஆனால் சின்ன பாத்ரூமுக்கு டைல்ஸ்காரர் அப்படி வர மாட்டார், ஒரு பாத்ரூமுக்கு இவ்வளவு என்பார். அதில் ஏமாற்று இல்லை. மூலை, பைப் ஓட்டை, ஜன்னல் என்று வெட்டு வேலை அதிகம், ஹாலில் ஒட்டுவதுபோல ஓடாது.

முன்பணம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதற்கப்புறம் முடிந்த வேலைக்கு மட்டும், ஆனால் தாமதிக்காமல். சனிக்கிழமை இவர்களுக்குச் சம்பள நாள். நீங்கள் "திங்கள்கிழமை ஜிபே பண்றேன்" என்றால் மேஸ்திரி வட்டிக்கு வாங்கி ஆளுக்குக் கொடுப்பார், இல்லை திங்கள்கிழமை ஆளே வராது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ஈரம் கண்டால் மறுபடி பூசணும். இதைச் செய்தபின்தான் அடுத்த தவணை என்பதை அதே தாளில் எழுதிவிடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை இரண்டு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டுத் தருவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் மறுப்பதில்லை. வேலை முடிந்தபின் திடீரென்று பிடித்து வைப்பதுதான் சண்டையில் முடியும்.

கல், மண் சுமக்க வரும் சித்தாள் பெண்களுக்குக் கூலி எவ்வளவு என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். அதே மூட்டையைச் சுமக்கும் நிமிந்தாளைவிட, அதாவது ஆண் கூலியாளைவிட, அவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்தும் இதுதான் நிலைமை. உங்கள் வேலையிலாவது சமமாகக் கொடுக்கச் சொல்லி, வித்தியாசத்தை நீங்கள் போட்டுக்கொடுங்கள். பெரிய தொகை ஆகாது. இன்னொரு பாத்ரூமை அவர்கள் பயன்படுத்தத் திறந்து வையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. அந்த வாரியத்துக்குப் பணம் வருவதே, கட்டட அனுமதி வாங்கும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதமாக வசூலிக்கிற நல நிதியிலிருந்துதான். பதியாதவர் இருந்தால், உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும், ஆன்லைனில் பதிய அரை மணி நேரம் உட்கார்ந்து உதவினால் நீங்கள் தரும் எந்த டிப்ஸையும்விட அது பெரிது.

அப்புறம், உடைத்த டைல்ஸையும் கல்லையும் யார் அள்ளுவது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். மேஸ்திரி தன் கணக்கில் இல்லை என்பார், நீங்கள் மொத்தத்தில் அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள், இதற்கிடையில் குப்பை வாசலில் மலைபோலக் கிடக்கும். மாடியிலிருந்து இறக்கும் கூலி தனியா, டிராக்டர் லோடுக்கு எவ்வளவு, எத்தனை லோடு ஆகும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.